மூக்குக்கு எட்டிய தூரம்

காற்று மாசு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்ததில் முக்கால்வாசி சென்னையிலிருந்து, அதில் பாதி இருமலைப் பற்றி. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்து ஒரே பதில்.

போனில் இருக்கும் ஒரு ஆப் காற்றுத் தரக் குறியீடு 137 என்று ஆரஞ்சு நிறத்தில் பயமுறுத்துகிறது. அதே நேரத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப் 83, திருப்தி என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்? (வாசகர், வேளச்சேரி)

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்கிற நுண்துகள் 50 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கணக்கில் போட்டால் 137 வரும், இந்தியக் கணக்கில் போட்டால் 83 வரும். காற்று ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம் வரை போகலாம் என்பது 2009-இல் நாம் வைத்துக்கொண்ட வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திச் சொன்ன அளவு 15. ஆக, நம் ஆப் பச்சை காட்டும்போதும் அவர்கள் அளவைப்போல மூன்று மடங்கை இழுத்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியக் குறியீட்டில் துகள்களுக்கு எடுப்பது 24 மணி நேரச் சராசரி. தீபாவளி ராத்திரி எட்டு மணிக்குத் தெருவே தெரியாமல் புகை மண்டியிருக்கும், ஆனால் குறியீட்டில் அன்று மதியத்தின் நல்ல காற்றும் கலந்து எண் பாதியாக இறங்கி நிற்கும். அந்தப் புகைக்குள் நின்று மத்தாப்பு பிடித்த குழந்தை சராசரியையா மூச்சிழுத்தது? அப்புறம், அளக்கும் கருவி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஆலந்தூர், மணலி, வேளச்சேரி என்று சில இடங்களில்தான் இருக்கின்றன. உங்கள் தெருமுனையில் டயர் எரிந்தால் அதற்குத் தெரியாது. எண்ணைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவே உங்கள் மூக்கிலிருந்து இருபது அடிக்குள் என்ன புகைகிறது என்றும் பாருங்கள்.

நமக்குத்தான் கடல் இருக்கிறதே, டில்லி மாதிரி ஆகிவிடாதே? (வாசகி, மயிலாப்பூர்)

டில்லி மாதிரி ஆகாது. அவர்களுக்குக் கடற்காற்று கிடையாது, குளிர்காலத்தில் தரையோடு ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும், அந்த நேரம் பார்த்துப் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளைக் கொளுத்துவார்கள். நமக்கு மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்தால் நகரமே கொஞ்சம் கழுவிவிட்டது மாதிரி ஆகிறது.

ஆனால் 'மதியத்துக்கு மேல்' என்பதைக் கவனியுங்கள். விடியற்காலையில் கடற்காற்று இல்லை. மார்கழி, தை மாதங்களில் அந்த நேரத்துக் காற்று கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், பனியும் இறங்கியிருக்கும். போகிக்கு நாம் பழையதைக் கொளுத்துவது சரியாக அந்த நேரத்தில்தான். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். கடல் அன்றைக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. பாட்டி காலத்தில் எரித்தது கிழிந்த பாயும் தென்னந்துடைப்பமும். நாம் போடுவது டயர், பிளாஸ்டிக் நாற்காலி, ரெக்ஸின் பை. இரண்டையும் ஒரே பெயரால் 'பழக்கம்' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு விஷயம், காற்று அழுக்கைக் கரைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஆலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் இருக்கும் வடசென்னையில் கடற்காற்று வீசினால் அந்தப் புகை ஊருக்குள் வரும். மெரினாவில் நின்று "ஆஹா" என்று சொல்கிறவருக்கு இது தெரியாமல் போவது சுலபம்.

வண்டியில் போகும்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறேன். போதுமா? (வாசகி, கொளத்தூர்)

வெயிலுக்குப் போதும். லாரி கிளப்பும் மண்ணையும் ஓரளவு தடுக்கும். நுண்துகளுக்குப் போதாது. தலைமுடியின் குறுக்களவு ஐம்பது, எழுபது மைக்ரான் இருக்கும், நாம் பேசுவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். துணியின் இழைகளுக்கு நடுவே அது சாவகாசமாக நடந்து போகும். என்-95 முகக்கவசம் தடுக்கும், ஆனால் கன்னத்தோடு இறுக்கமாக ஒட்டியிருந்தால் மட்டும். தாடி வைத்த தம்பிகள் போட்டுக்கொள்வதில் பாதிப் பயன் ஓரத்தில் ஒழுகிவிடும். சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களை அதுவும் நிறுத்தாது. அதனால் மாஸ்க் வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத ஒன்று செய்யுங்கள்: சிக்னலில் பஸ்ஸின் பின்னால் போய் ஒட்டி நிற்காதீர்கள். இரண்டு வண்டி தள்ளி நில்லுங்கள், எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும்.

ஆறு வயது மகனுக்கு வீசிங். டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். "சின்னப் பிள்ளைக்கு இதைப் பழக்கினால் காலம் பூரா விடாது" என்று மாமியார் தடுக்கிறார். வீடு மெயின் ரோட்டிலேயே இருக்கிறது, மாற வசதியில்லை. (பெயர், ஊர் வேண்டாம்)

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன், என் அம்மாவும் இதையேதான் சொன்னார். ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. சால்புடமால் இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்தால் 2 மில்லிகிராம், இருபது மடங்கு, வயிறு ரத்தம் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் நுரையீரலுக்குப் போக வேண்டும். எது லேசான மருந்து என்று அவரையே கேளுங்கள். இன்ஹேலர் போதைப் பழக்கம் அல்ல. பையனுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) வைத்துக் கொடுங்கள், டாக்டர் தினமும் போடச் சொன்ன மருந்து வேறு ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கிறானே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வருவோம். ரோட்டுப் பக்க ஜன்னலைக் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மூடி, மதியம் காற்று வரும்போது திறங்கள். பையனின் கட்டிலை முடிந்தால் பின்பக்க அறைக்குக் கொண்டுபோங்கள். கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேல், கொசுவர்த்திச் சுருளை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மெயின் ரோட்டுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே சுருளைக் கொளுத்திவைத்தால் எப்படி? கொசுவலை கட்டுங்கள். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள் என்பதையும், தெருவில் நடக்கும்போது அவர்கள் மூக்கு கிட்டத்தட்ட சைலன்சர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். பேரன் விஷயம், கேட்பார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருமல். ஆனால் "காற்று மாசால் இறந்தார்" என்று எந்த டாக்டராவது சான்றிதழில் எழுதியிருக்கிறாரா? பிறகு எப்படி நம்புவார்கள்? (வாசகர், எண்ணூர்)

எழுதியிருக்கிறார்கள். லண்டனில். எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, வீடு தெற்கு வட்டச் சாலை என்கிற நெரிசலான ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில். மூன்று ஆண்டுகளில் 25-க்கும் மேற்பட்ட தடவை ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், 2013 பிப்ரவரியில் இறந்துபோனாள். முதல் விசாரணையில் மூச்சு செயலிழப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அம்மா ரோசமண்ட் விடவில்லை. நுரையீரல் மருத்துவப் பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், அந்தப் பகுதிக் கருவிகளில் பதிவான மாசு அளவுகளையும் சிறுமி ஆஸ்பத்திரிக்குப் போன தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, இறப்புக்கான காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசையும் எழுதினார். பிரிட்டனில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தேதிகளை எழுதி வையுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உங்கள் பக்கத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் கண் எரிய, மூச்சு திணறத் தெருவுக்கு ஓடிவந்தார்களே, அந்த மாதிரி ராத்திரிகள் செய்தியில் வந்துவிடும். செய்தியில் வராத ராத்திரிகள்தான் அதிகம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நாற்றம், யாருக்கு மூச்சு இழுத்தது, எந்த ஆஸ்பத்திரிச் சீட்டு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில், தெருவுக்கு ஒருவர் எழுதினால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள். "எங்களுக்கு இருமல்" என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தலையாட்டுவார்கள். கையில் தேதி இருந்தால் அவர்கள் தங்கள் கருவியின் பதிவை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்னேக் பிளான்ட், மணி பிளான்ட் வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகுமாமே? நாசாவே சொல்லியிருக்கிறதாமே? (வாசகி, அண்ணா நகர்)

நாசா 1989-இல் சொன்னது, காற்றே புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் செடி வைத்துப் பார்த்த சோதனை. வீடு பெட்டி இல்லையே. 2019-இல் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்குப் போட்டவர்கள், சும்மா ஜன்னல் வழியாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்றார்கள். அப்புறம் நீங்கள் எங்கே படுப்பீர்கள்? அழகுக்கு வையுங்கள். ஏர் ப்யூரிஃபையர் வாங்குவதாக இருந்தால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதா, அறையின் அளவுக்குப் போதுமா என்று மட்டும் பாருங்கள். அயனி, வாசனை, விளக்கு எல்லாம் விலையை ஏற்ற.

என் பைக்குக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறது. அப்படியென்றால் என் வண்டி மாசு இல்லைதானே? (வாசகர், அம்பத்தூர்)

பெட்ரோல் வண்டிக்கு அந்தப் பரிசோதனையில் பார்ப்பது, நின்றபடி ஓடும் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். டீசலுக்குப் புகையின் அடர்த்தி. நுண்துகளை அது அளப்பதேயில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டி என்றால் நிஜமாகவே பரவாயில்லை, எரிபொருளில் கந்தகம் 50 பி.பி.எம்-இலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆக இறங்கியதும் அப்போதுதான். ஆனால் டயரும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் தூசுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, பேட்டரி வண்டிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டில்லியில் வைத்த புகை கோபுரம் மாதிரி இங்கேயும் வைத்தால் என்ன? (வாசகர், திருச்சி)

காற்றை உறிஞ்சி வடிகட்டி வெளியே விடும் கோபுரம் அது. 2021 ஆகஸ்டில் கன்னாட் பிளேஸில் சுமார் 20 கோடி ரூபாயில் ஒன்று திறந்தார்கள், சுற்றி ஒரு கிலோமீட்டருக்குப் பயன் தரும் என்றார்கள். டில்லியின் பரப்பு ஏறக்குறைய 1,480 சதுர கிலோமீட்டர். மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் தினமும் காலையில் காய்ந்த சருகையும் கவரையும் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். கேட்டால் சண்டை. (வாசகர், நங்கநல்லூர்)

திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருக்கிறது. சென்னை மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

ஆனால் கொளுத்துகிறவரிடம் நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அது துப்புரவுப் பணியாளர். வண்டி வராத நாளில் அந்தக் குவியலை அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? அந்தப் புகையை முதலில், மிக அருகில் நின்று குடிப்பவரும் அவர்தான். வண்டி ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் சரியான புகார். அப்படியே அங்கிருந்து போனாலும் குப்பை பெருங்குடிக் கிடங்குக்குத்தான் போகும். 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தபோது, அதில் நம் எல்லோர் வீட்டுக் கவரும் இருந்தது. சருகை மட்டும் பிரித்துத் தெருமுனையில் ஒரு குழியில் போட்டு மக்க வைக்கலாமா என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசிப் பாருங்கள். எங்கள் தெருவில் பேசினோம், ஏழு மாதம் ஆனது.

இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டில் எப்படி? (வாசகி, தாம்பரம்)

கேட்டுவிட்டீர்கள். கொசுவர்த்தி போய் மூன்று வருஷம் ஆகிறது, வலை கட்டியிருக்கிறோம். நடைப்பயிற்சி ரொம்ப நாள் மெயின் ரோட்டில்தான் போனேன், தெருநாய்க்குப் பயந்து. இப்போது இரண்டு தெரு உள்ளே, பிஸ்கட் பாக்கெட்டோடு போகிறேன், நாய்கள் சமாதானமாகிவிட்டன. வெள்ளிக்கிழமை சாம்பிராணியில்தான் தோற்றுப்போனேன். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, எத்தனை மைக்ரோகிராம் என்று அவரிடம் பேச முடியாது. கடைசியில் பேசி முடித்தது இப்படி: தூபக்காலைப் பூஜை அறையில் காட்டிவிட்டு உடனே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கொண்டுபோவது என் வேலை. போன வாரம் மறந்துவிட்டேன், ராத்திரி முழுக்க அம்மாதான் இருமினார். காலையில் கேட்டால், "நேத்து ஐஸ் தண்ணி குடிச்சேன், அதான்" என்கிறார்.