மாமியாருக்கு ஃப்ளூ ஊசி போடலாமா டாக்டர்?

மாமனார் 2021 மே மாசம் ஐசியூக்குப் போனவர் திரும்பி வரல, இப்ப தாம்பரத்துல உங்க தெருவே இருமிக்கிட்டு இருக்கு, 68 வயசுல சுகரோட இருக்கற மாமியாருக்கும் அப்படி ஆகிடுமோங்கறதுதான் உங்க பயம், மத்த கேள்வியெல்லாம் அதுலேந்து வந்ததுதான்.

ஏதோ புது வியாதி பரவுதுன்னு உங்களுக்கு வந்த அந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ முதல்ல டெலீட் பண்ணுங்கம்மா. மழை பிடிச்சா சென்னைப் பக்கம் வருஷா வருஷம் ஏறுற ஃப்ளூதான் இது பெரும்பாலும். எச்1என்1, அதான் பன்றிக் காய்ச்சல்ங்கற பேரக் கேட்டும் அலற வேண்டாம், 2009ல உலகத்தையே கலக்கிட்டு அப்புறம் சாதாரண சீசன் ஃப்ளூவா நம்மகூடவே தங்கிடுச்சு.

ஊசி தாராளமா போடுங்க. அதுல உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால ஊசியால ஃப்ளூ வராது, கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு லேசா காயும், அவ்ளோதான். வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள தொத்திக்கிட்டா பழிய ஊசி மேல போடாதீங்க. போட்டாலும் சில பேருக்கு வரும், ஆனா ஆஸ்பத்திரி வரைக்கும் போறது குறையும், சுகர்காரங்களுக்கு அதுதானே வேணும். வைரஸ் மாறிட்டே இருக்கும், அதான் வருஷா வருஷம் போடறது.

காய்ச்சல் வந்துட்டா ரெண்டு நாளுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டுங்க, ஃப்ளூ வைரஸுக்கான மருந்து ஓசெல்டாமிவிர், அத சீக்கிரம் ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். மெடிக்கல்ல போய் "காய்ச்சலுக்கு ரெண்டு வேளை செட் குடுங்க"ன்னு வாங்கிட்டு வர்ற வேலை வேண்டவே வேண்டாம். அதுல குடுக்கற அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக், வைரஸ ஒண்ணும் பண்ணாது, அந்த பொட்டலத்துல ஸ்டீராய்டும் இருந்துச்சுன்னா சுகர் எகிறும், காய்ச்சலையும் மறைச்சுடும், நமக்கு எதுவும் தெரியாது.

நீங்க முக்கியமா பாக்க வேண்டியது இதுதான். மூணு நாலு நாள்ல காய்ச்சல் விட்டு, ரசம் சாதம் கேட்டு எந்திரிச்சு உக்காந்தவங்களுக்கு திரும்பவும் காய்ச்சல் ஏறி மூச்சு வாங்குச்சுன்னா அது நிமோனியாவா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரி ஆனாலும் சரி. ஒரு வாக்கியத்த நடுவுல நிறுத்தாம பேச முடியுதான்னு பாருங்க. கொரோனா டைம்ல வாங்கின ஆக்ஸிமீட்டர் பீரோல எங்கயாவது கிடக்கும், பேட்டரி மாத்தி, மருதாணி இல்லாத விரல்ல, கை சூடா இருக்கறப்ப ஒரு நிமிஷம் வெச்சு பாருங்க, ஆக்ஸிஜன் 94க்கு கீழ போனா கிளம்பிடுங்க. வயசானவங்களுக்கு சில சமயம் காய்ச்சலே பெருசா அடிக்காது, கூப்பிட்டா சம்பந்தமில்லாம பேசுவாங்க, தூங்கிட்டே இருப்பாங்க, அதுவும் இதே கணக்குதான்.

காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு வாரம் வறட்டு இருமல் இருக்கும், இருந்துட்டு போகட்டும். உங்க ஆறு வயசு பையனுக்கும் ஃப்ளூ ஊசி போடலாம், ஆனா முதல் தடவைங்கறதால நாலு வாரம் கழிச்சு இன்னொரு டோஸ் உண்டு, நிறைய பேர் அதுக்கு வர்றதே இல்ல.