பழைய சஸ்பென்ஷன் பாகத்தை கார் கம்பெனியே மாற்றித் தர வேண்டுமா?

கேள்வி: சஸ்பென்ஷனில் (சக்கரங்களைக் காரோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு) ஒரு பாகத்தைத் திருத்திப் புது கார்களில் போட ஆரம்பித்துவிட்ட கம்பெனி, ஏற்கெனவே விற்ற கார்களில் உள்ள பழைய பாகத்தையும் தன் செலவில் மாற்றித் தர வேண்டுமா?

எல்லாப் பாகத்தையும் மாற்றச் சொல்வது நியாயமில்லை. இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் தேயும், ஷாக் அப்சார்பர் கசியும். அவை முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லிவிடும், செலவு நம்முடையது. ஆனால் உடைந்தால் சக்கரமே மடங்கிவிடும் பாகம் வேறு. அதில் பலம் குறைவு என்று கம்பெனிக்கே தெரிந்த பிறகு, மாற்றித்தான் தர வேண்டும்.

எனக்கு இது அனுபவம். கார் வாங்கி எட்டு வருடம். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் முன்பக்க இடது சக்கரம் சாய்ந்து நிற்கிறது. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மில், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டின் கழுத்து முறிந்திருந்தது. அரை மணி நேரம் முன்புதான் மகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு பைபாஸில் 90-ல் வந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சர்வீஸ் சென்டரில், "எங்கயாவது பள்ளத்துல விட்டிருப்பீங்க சார்" என்றார்கள். புதிதாகப் போட்ட ஆர்மின் பார்ட் நம்பர் வேறு, ஜாயிண்டும் தடிமன். கேட்டால், "இப்ப இதுதான் சார் வருது."

அதன் பிறகுதான் டெஸ்லா விவகாரத்தைத் தேடிப் படித்தேன். 2020 அக்டோபரில், சீனாவில் இறக்குமதியான 29,193 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களை சஸ்பென்ஷன் இணைப்புகளுக்காகத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது. அதே டெஸ்லா அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிய கடிதத்தில், பாகத்தில் குறையே இல்லை, ஓட்டுநர்கள் காரை முரட்டுத்தனமாகக் கையாண்டதுதான் காரணம், சீனாவோடு வாதாட விரும்பாமல் ஒப்புக்கொண்டோம் என்றது. அமெரிக்காவில் அந்த அழைப்பு இல்லை.

அடுத்த மாதமே அந்த அமைப்பு, முன்பக்கத்தில் இன்னொரு இணைப்பு முறிவதைப் பற்றி சுமார் 1,15,000 டெஸ்லா கார்களில் விசாரணை தொடங்கியது. கையில் இருந்தவை 43 புகார்கள். அவற்றில் 32, மெதுவாக பார்க்கிங் செய்யும்போது முறிந்தவை! 4 நெடுஞ்சாலை வேகத்தில். எனக்கு உறுத்துவது இதற்கு முந்தைய விஷயம். 2017-லேயே டெஸ்லாவின் சர்வீஸ் குறிப்பு ஒன்று, சில கார்களில் இந்த இணைப்பு தேவையான பலத்தில் இல்லாமல் இருக்கலாம் என்று சொல்லியிருந்தது. முறிந்தாலும் ஓட்டுநரால் காரைக் கட்டுப்படுத்த முடியும் என்பது அதிலிருந்த சமாதானம். பலம் குறைவு என்று எழுதத் தெரிந்தவர்கள், அந்த காரை ஓட்டுகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா?

சாலை மோசம் என்ற வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஓரக்கல்லில் ஓங்கி மோதினால் எந்த ஆர்மும் வளையும். ஆனால் ஒரு ஊரில் காரை விற்கும்போதே அந்த ஊர் சாலை எப்படி என்று தெரியும் அல்லவா? அந்தப் பள்ளத்தையும் தாங்குகிற மாதிரிதானே செய்ய வேண்டும்?

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் கட்டாய ரீகால் விதி, அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டும் என்ற விதி, இருக்கிறது. ஆனால் 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். அமெரிக்காவில் ரீகால் வந்தால், முதல் விற்பனையிலிருந்து 15 வருடம் வரை இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சஸ்பென்ஷனில் உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் உலோகத்தில் விரிசல் விழுவது, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுவது. ஏழு வருடக் கணக்கில் என் கார் வெளியே போய்விடுகிறது. இந்த வரம்பைக் கட்டாயம் கூட்ட வேண்டும்.

உங்கள் காரில் இப்படி ஏதாவது முறிந்திருந்தால், பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு பார்ட் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பாகம் முறிந்த இடத்தை போட்டோ எடுங்கள். நாள்பட்ட விரிசல் என்றால் அந்த இடம் வழுவழுப்பாக, நிறம் மங்கித் தெரியும். கடைசியாக முறிந்த இடம் மட்டும் சொரசொரப்பாகப் பளிச்சென்று இருக்கும். ஒரே அடியில் போயிருந்தால் அந்த மங்கிய பகுதி இருக்காது. இது தெரியாமல் நான் என் பழைய ஆர்மை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.