ஸ்கைரிம்: லெஜண்டரியிலும் சப்பென்று இருப்பது ஏன்?

ஸ்கைரிம் வீடியோ கேமை அதன் மிகக் கடினமான நிலையான லெஜண்டரியில் ஆடியும் சப்பென்று இருக்கிறது, உயிர் தானாக ஊறுவதுதான் ஓட்டையோ என்று கேட்கிறீர்கள். முதலில் லெஜண்டரியிலிருந்து நடுத்தர நிலையான அடெப்ட்டுக்கு இறங்குங்கள். பதுங்கி அம்பு விட்டால் எல்லோரும் காலி, நேரில் போனால் இரண்டு அடியில் சாவு என்கிறீர்களே, அதற்குக் காரணமே அந்த லெஜண்டரிதான்.

அது எதிரியின் கண்ணையோ காதையோ கூர்மையாக்குவதில்லை. உங்கள் அடியைக் கால்வாசியாகக் குறைத்து, அவன் அடியை 3 மடங்காக்குகிறது, அவ்வளவுதான். பதுங்கித் தாக்கும்போது அடி பெருகும் மடங்கோ அப்படியே இருக்கிறது: அதற்கான பெர்க் (திறன் மேம்பாடு) எடுத்தால் வில்லுக்கு 3 மடங்கு, குறுவாளுக்கு 15. அப்புறம் வாளை உருவ யாருக்கு மனசு வரும்? அம்பு தைத்த தோழன் பக்கத்தில் கிடக்க, "காற்றாக இருக்கும்" என்று திரும்பிப் போகிறவனிடம் சவாலை எதிர்பார்க்க முடியாது.

ஒன்று செய்து பாருங்கள். அடெப்ட்டில் ஒரு கொள்ளையர் முகாமுக்குள் பதுங்காமல், வாசல் வழியாகவே நுழையுங்கள். சண்டை முடியும்வரை மெனுவைத் திறந்து மருந்து குடிக்கக் கூடாது. மெனு திறந்ததும் ஆட்டம் உறைந்துவிடும், மருந்தும் உடனே உயிரை ஏற்றிவிடும். தானாக ஊறும் உயிரைவிட இதுதான் பெரிய ஓட்டை என்பேன். கை பதறினால், கோளாறு லெஜண்டரியிலும் மெனு மருந்திலும்தான் என்று பிடிபட்டுவிட்டது.

தானாக ஊறுவதும் வேண்டாம் என்றால் சர்வைவல் மோடு என்ற ஆட்ட முறை அதை நிறுத்திவிடும். ஆனால் பசி, குளிர், தூக்கம் எல்லாம் கூடவே வரும், வரைபடத்தில் இடத்தைத் தேர்ந்து உடனே அங்கே போகும் ஃபாஸ்ட் டிராவலும் போய்விடும். குளிரில் அதிகபட்ச உயிரே குறையும் என்பதால், லெஜண்டரியோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.