சொற்களை நினைவில் வைப்பதில் பெண் குழந்தைகள் முந்துவது ஏன்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கேட்கும் கேள்வி இது: கடைக்கு அனுப்பினால் மகள் எல்லாவற்றையும் வாங்கி வருகிறாள், மகன் பாதியை மறக்கிறான், ஏன்?

காதில் விழுந்த சொற்களை மனதில் பதித்து, பிறகு திருப்பிச் சொல்வதுதான் சொல் நினைவு. 1994-இல் வந்த கலிஃபோர்னியா சொற்கற்றல் சோதனையின் சிறுவர் வடிவமும் கடைப்பட்டியல்தான். 15 பொருள்களை 5 முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். நடுவில் வேறொரு பட்டியல் வந்து குழப்பும். அப்புறம் 20 நிமிடம் கழித்துப் பழைய பட்டியலையே மறுபடி கேட்பார்கள். சராசரியில் பெண் குழந்தைகள் சற்று முன்னால் நிற்கிறார்கள்.

ஒரு முக்கியக் காரணம், இனம் பிரிப்பது. பழம், துணி, விளையாட்டுச் சாமான் எனக் கலந்து வாசித்தாலும் அவர்கள் வகை சேர்த்துச் சொல்வது அதிகம். அஞ்சறைப்பெட்டியில் கடுகைத் தேட வேண்டியதில்லை அல்லவா, அப்படித்தான். பழக்கினால் பையனுக்கும் இது வரும்.

சோதிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளையை மலையாளப் பட்டியலில் சோதித்தால், தெரியவருவது ஞாபகம் அல்ல, மலையாளம்.

"ஆண் பிள்ளைக்கு ஞாபகசக்தி குறைவு" என்பது சரியல்ல. வித்தியாசம் சராசரியில்தான், அதுவும் சிறியது, எத்தனையோ பையன்கள் பெண் பிள்ளைகளைவிட அதிகம் சொல்கிறார்கள்.