அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், பார்த்ததே இல்லை, க்ரைம் கதை பிடிக்கும். எதில் தொடங்கலாம்?
யோசிக்கவே வேண்டாம், 'டெத் நோட்'. 2006இல் வந்தது, மொத்தம் 37 எபிசோடுகள். பெயர் எழுதினால் ஆள் சாகும் நோட்டு ஒன்று பள்ளி மாணவன் கையில் கிடைக்கிறது. அவனைப் பிடிக்க ஒரு துப்பறிவாளன்.

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டு கரண்ட் கண்ணாமூச்சி ஆடிய வாரத்தில், டவுன்லோட் செய்து வைத்திருந்த இதை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். "பொம்மைப் படமாடா?" என்றவள், இரண்டாவது எபிசோடில் துப்பறிவாளன் டிவியில் சவால் விட்டதும் கையிலிருந்த வர்க்கியையே மறந்துவிட்டாள். கடைசிப் பகுதி கொஞ்சம் தொய்யும், சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஆறுதலாக ஏதாவது வேண்டுமென்றால் 'முஷிஷி'. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. காடும் மூடுபனியுமாக நம் மலை போலவே இருக்கும். 'ஒன் பீஸ்' மட்டும் இப்போதைக்கு வேண்டாம், ஆயிரம் எபிசோடைத் தாண்டிவிட்டது.