இரவெல்லாம் பூட்டை இழுத்துப் பார்க்கும் கணவர்: நோயா, பழக்கமா, வினையா?

கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு வயது 38. பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, பொதுவில் உள்ள பூர்வீக வீட்டை இவர்கள்தாம் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே வீதியில் பூட்டிக் கிடந்த வீடொன்றில் திருட்டு நடந்தது. அதன்பின் கணவர் இரவு 9 மணிக்கு முகப்பில் தொடங்கி, வளவு, இரண்டாங்கட்டு என்று பின்கட்டு வரை பூட்டுகிறார். படுத்தபின் மறுபடி எழுந்து போய் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கிறார். முடிய 11:30 ஆகிறது. இடையிடையே, “பூட்டியாச்சுல்ல?” என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பள்ளி நாள்களில் சைக்கிள் பூட்டைப் பார்க்கப் பாதிவழியில் திரும்பி வருவாராம். “அவுக ஐயாவும் இப்படித்தான்” என்கிறார் மாமியார். செய்வினை என்கிறார் நாத்தனார். மூளையில் ரசாயனக் குறைவு என்கிறார் கொழுந்தனார். அக்கம்பக்கத்தாருக்கோ இது வெறும் திருட்டுப் பயம். “இதில் எது சரி? சாவிக்கொத்தை நான் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?” என்பது வாசகியின் கேள்வி.

உங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இது நோய்தானா என்பது ஒன்று. ஏன் வந்தது என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதைப் பற்றி வாதிடுவதால்தான் இரண்டு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

வழக்கத்துக்கு மாறாக இருப்பது மட்டுமே நோயாகிவிடாது. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவில் பால்குடம் எடுத்து வரும்போது அருள் வந்து ஆடும் பெண்ணை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. ஊர் அதைப் புரிந்துகொள்கிறது, ஆட்டம் அந்த இடத்தோடு முடிகிறது, மறுநாள் அவர் தம் வேலையைப் பார்க்கிறார். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவர் சமூக, பண்பாட்டு வழக்கங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று 3-ஆம் பிரிவில் சொல்கிறது. எனவே நாங்கள் பார்ப்பது வேறு: அவருக்கு அது வேதனை தருகிறதா, தூக்கத்தையும் வேலையையும் உறவையும் கெடுக்கிறதா, வேண்டாம் என்று அவரே நினைத்தாலும் நிறுத்த முடியவில்லையா? அத்தனை கதவுகள் உள்ள செட்டிநாட்டு வீட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பூட்டுவது பொறுப்பு. அதற்கு அரை மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. இரண்டரை மணி நேரம் ஆகியும் மனம் அடங்கவில்லை என்பதுதான் கவலைக்குரியது. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதுதான் எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி). அந்நோய் என்று சொல்ல, இத்தகைய எண்ணங்களும் செயல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாடு ஓர் அடையாளமாகக் கூறுகிறது. நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது; ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அதையே சுட்டுகிறது.

இனி ‘ஏன்’ என்பதற்கு வருகிறேன். செய்வினையைத் தவிர, உங்கள் வீட்டார் ஒவ்வொருவரும் உண்மையின் ஒரு பகுதியைத் தொட்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. மாமியார் சொல்வது மரபுவழி: இந்நோய் உள்ளவர்களின் நெருங்கிய இரத்த உறவினரிடம் இது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. கொழுந்தனார் சொல்வது மூளைவழி: மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களில் ஒன்றான செரடோனின் மீது செயல்படும் மருந்துகள் பலருக்குப் பலன் தருவது உண்மை, ஆனால் அதைக் கொண்டே ‘ரசாயனக் குறைவு’ என்று முடித்துவிடுவது, காய்ச்சல் மாத்திரையால் சூடு தணிந்ததால் உடம்பில் மாத்திரைக் குறைவு இருந்தது என்பதைப் போலாகும். அக்கம்பக்கத்தார் சொல்வது சூழல்வழி. பள்ளி நாளிலேயே இருந்த சாய்வும் பின்னால் வந்த அதிர்ச்சியும் சேர்ந்தே இதைக் கிளப்பியிருக்கக்கூடும். அடிமனத்தில் அமுங்கிய ஆசைகளின் மோதல் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு 1909-இல் விளக்கிப் பார்த்தார். இன்றைய சிகிச்சையில் அதற்குப் பெரிய இடமில்லை. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் 1977-இல் வலியுறுத்தினார்.

எப்படித் தொடங்கியது என்பதைவிட, எது இதை அணையாமல் வைத்திருக்கிறது என்பதே உங்களுக்குப் பயன்படும். “பூட்டினோமா?” என்ற சந்தேகம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் ‘ஏதாவது நடந்தால் அத்தனை பங்காளிகளுக்கும் நான் ஒருவன்தான் பதில் சொல்ல வேண்டும்’ என்று நினைப்பவருக்கு அந்தச் சந்தேகம் சந்தேகமாக நிற்பதில்லை, எச்சரிக்கையாகிவிடுகிறது. எழுந்து போய் நாதாங்கியை இழுத்துப் பார்த்ததும் பதற்றம் சற்றுத் தணிகிறது. அந்தத் தணிவே மறுபடியும் எழுந்து போகப் பழக்குகிறது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற ஆய்வாளர்கள் 2003-இல், கணினித் திரையில் ஓர் எரிவாயு அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு நினைவு அவ்வளவாகப் பிசகவில்லை. அந்த நினைவின் மீதிருந்த நம்பிக்கைதான் கரைந்துபோனது. உங்கள் கணவர் பத்தாவது முறை பார்த்தும் நம்ப முடியாமல் நிற்பது பத்து முறை பார்த்ததாலேயே இருக்கலாம்.

“பூட்டியாச்சு, படுங்க” என்று நீங்கள் சொல்லும் பதிலும் ஒரு பூட்டை இழுத்துப் பார்ப்பதற்குச் சமம். நீங்கள் அன்பால் சொல்கிறீர்கள். ஆனால் நோய் அதையும் தின்று வளர்கிறது. அதற்காக இன்றிரவே வாயை மூடிக்கொள்ளாதீர்கள், சண்டைதான் வரும். பகலில், அவர் அமைதியாக இருக்கும்போது, “இது சந்தேகம் கேட்கிற கேள்வி, இதுக்கு ஒருதடவைக்கு மேல பதில் சொல்ல மாட்டேன்” என்று இருவருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மனநல ஆலோசகர் செய்யும் சிகிச்சையும் இதன் நீட்சிதான்: ஒரு கதவை ஒரே முறை நிதானமாகப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்து, ஏறும் பதற்றத்தை அது தானே இறங்கும்வரை தாங்கப் பழகுவது. 1966-இல் விக்டர் மேயர் என்பவர் தொடங்கி வைத்த வழி இது. எளிய கதவில் தொடங்கி முகப்புக்கு வருவார்கள். செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதினால், முழுப் பலன் தெரிய 12 வாரங்கள் வரை ஆகலாம். மூன்றாம் வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். அது மருத்துவத்துக்கு மாற்றாகும்போதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டது நமக்குத் தொலைவில் நடந்ததன்று.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ போகலாம். உடனே போக முடியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான ‘டெலி மானஸ்’ எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். போகும் முன் ஒரு வாரம், எத்தனை மணிக்குத் தொடங்கினார், எத்தனை முறை எழுந்தார், உங்களை எத்தனை முறை கேட்டார் என்று அவருக்குத் தெரிந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவர் சொன்னால், குறித்துக்கொண்டிருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பூட்டும் வேலையை விட்டு விலகினால் பயமும் விலகியதுபோல் தோன்றும். ஆனால் ‘நான் பூட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும்’ என்ற எண்ணம் உள்ளேயே இருக்கும், அடுத்து அடுப்பையோ மோட்டார் சுவிட்சையோ பிடித்துக்கொள்ளும். மலேசியாவிலிருக்கும் அண்ணன் கேமரா வாங்கித் தருவதாகச் சொன்னாலும் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். எழுந்து போய்ப் பார்த்தவர் படுத்துக்கொண்டே கைப்பேசியில் பார்ப்பார். உங்கள் நோட்டில் குறிக்க எண்ணிக்கைகூடக் கிடைக்காது.