இந்தியாவோட வெளியுறவுக் கொள்கை பொறுப்பானதா? சென்னையில இருந்து பாத்தா எப்படித் தெரியுது?

கேட்டிருக்கற கேள்வி இது: "உலக விஷயங்கள்ல இந்தியா ஒரு பொறுப்பான நாடா நடந்துக்குதா, தமிழ்நாட்டுல இருக்கறவங்க இதை எப்படிப் பாக்கறீங்க?"

ஜி20, ரஷ்யா எண்ணெய், அமெரிக்கா வரின்னு எழுத நிறைய பேர் இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல. ராமேஸ்வரத்துல இருந்து கண்ணுக்கெட்டுற தூரத்துல இருக்கற இலங்கைய மட்டும் வெச்சு சொல்றேன், ஏன்னா ஒரு நாட்டோட பொறுப்பு பக்கத்து வீட்டு விஷயத்துலதான் முதல்ல தெரியும்னு நான் நம்பறேன். டெல்லி மேல எனக்கு இருக்கற குறை பெருசா ஒண்ணுதான். யாரோட வாழ்க்கையப் பத்தி ஒப்பந்தம் போடறாங்களோ அவங்கள ஒரு வார்த்தை கேக்கறதில்ல, போட்டு முடிச்சதுக்கு அப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு பாக்கறதும் இல்ல. காங்கிரஸ், பாஜக, நடுவுல வந்தவங்கன்னு யார் இருந்தாலும் இதுல பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல.

1964ல இருந்து ஆரம்பிக்கணும். வெள்ளக்காரன் காலத்துல திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கம் இருந்து இலங்கையோட காப்பித் தோட்டத்துக்கும் அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிட்டுப் போன ஜனங்க, நாலஞ்சு தலைமுறையா அங்கேயே பிறந்து வளந்தவங்க, 1948ல இலங்கை சுதந்திரம் வாங்கின அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு இவங்களை நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. நேரு இருந்த வரைக்கும் "அவங்க இலங்கை மக்கள், அங்கதான் குடியுரிமை குடுக்கணும்"ங்கறதுதான் இந்தியாவோட நிலைப்பாடு. அவர் 1964 மே மாசம் இறந்தாரு, அக்டோபர் கடைசியில நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாச்சு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் இருக்கற 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அந்த அப்புறம் 1974 ஜனவரியில வந்துச்சு, ஆளுக்கு 75,000ன்னு ரெண்டு நாடும் பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க.

இதை நிதானமா யோசிச்சுப் பாருங்க. ஒன்றரை லட்சம் மனுஷங்க. எந்தக் குடும்பம் இந்தப் பக்கம், எந்தக் குடும்பம் அந்தப் பக்கம்னு முடிவாகறதுக்கு முன்னாடியே எண்ணிக்கை முடிவாகிடுச்சு. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் விண்ணப்பம் போட்ட குடும்பங்கள் உண்டு. மலையகத்துல, அதாவது இவங்க வாழ்ந்த இலங்கை மலைத் தோட்டப் பகுதியில இருந்த தொழிற்சங்கத்தையோ தலைவர்களையோ உக்கார வெச்சு "உங்களுக்கு இது சம்மதமா"ன்னு ரெண்டு அரசாங்கமும் கேக்கல.

அதே 1974 ஜூன்லதான் கச்சத்தீவு ஒப்பந்தமும். அதே இந்திரா காந்தி, அதே சிறிமாவோ. நம்ம ஊர்ல தேர்தல் வந்தா கச்சத்தீவு வரும், மேடைக்கு மேடை வரும், அந்த 75,000 பேரைப் பத்தி ஒரு மேடையிலயாவது கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. நிலத்தைக் குடுத்தது நமக்கு வலிக்குது, ஜனங்களைப் பங்கு போட்டது நமக்கு ஞாபகமே இல்ல. எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

அப்படி வந்தவங்க தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கேருந்து மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி, கூடலூர், குன்னூர், வால்பாறைன்னு சிதறிப் போனாங்க. அவங்களுக்கு வேலை குடுக்கத்தான் தமிழ்நாடு அரசு டேன்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பிச்சது, அது நல்ல காரியம், இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தத் தோட்டம் பல வருஷம் நஷ்டத்துல ஓடுச்சு, ரிட்டயர் ஆனா தோட்டம் குடுத்த லைன் வீட்டை விட்டுப் போகணும், எங்க போறதுன்னு தெரியாம இருக்கற வயசானவங்க இருக்காங்க. டெல்லி போட்ட கையெழுத்து, பாரம் இப்ப கூடலூர்ல ஒரு பாட்டி தலையில.

அடுத்து 1987. இந்தியா ஏதோ நடுவர் மாதிரி உள்ள போனதா நிறைய பேர் நினைக்கறாங்க. 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கு இங்க ட்ரெய்னிங்கும் ஆயுதமும் குடுத்ததே இந்தியாவோட உளவுத்துறைதான். அப்புறம் 1987 ஜூலை 29 கொழும்புல ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போடறாங்க, தமிழர் தரப்புல இருந்து ஒரு கையெழுத்துகூட அதுல கிடையாது. அமைதி காக்கற படைன்னு போனவங்க அக்டோபர்ல யாழ்ப்பாணத்துல விடுதலைப் புலிகளோட சண்டை போட ஆரம்பிச்சாங்க. தீபாவளி அன்னைக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள டாக்டர், நர்ஸ், நோயாளிகள்னு நிறைய பேர் செத்தாங்க. ரெண்டு பக்கச் சண்டைக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்கன்னு ராணுவம் சொன்னது, உள்ள இருந்து உயிர் பிழைச்சவங்க சொன்னது வேற. இந்தியப் பக்கமும் ஆயிரத்துக்கு மேல சிப்பாய்ங்க செத்தாங்க, எதுக்காக அனுப்புனாங்கன்னு அவங்க வீட்டுல இருக்கறவங்களுக்கும் யாரும் தெளிவா சொல்லல. 1990ல கடைசிப் படை நம்ம சென்னை துறைமுகத்துல வந்து இறங்கினப்ப முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்கப் போகல. அது சரியா தப்பான்னு இன்னைக்கும் சண்டை போடறோம். அந்தக் கோபம் எங்கேருந்து வந்துச்சுன்னு டெல்லியில யாரும் உக்காந்து யோசிச்ச மாதிரி தெரியல.

சரி, அந்த ஒப்பந்தத்துல இருந்து என்ன நடந்துச்சுன்னு பாப்போம். இலங்கை அரசியலமைப்புல 13வது திருத்தம் வந்துச்சு, மாகாண சபை வந்துச்சு. நிலம், போலீஸ் அதிகாரம் காகிதத்துலயே நின்னு போச்சு. வடக்கும் கிழக்கும் இணைஞ்சு இருந்ததை 2006ல இலங்கை சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. வடக்கு மாகாணத்துக்கு முதல் தேர்தலே 2013லதான் நடந்துச்சு. அதே 1987ல ஒப்பந்தத்தோட சேர்த்து பரிமாறிக்கிட்ட கடிதங்கள்ல திரிகோணமலை எண்ணெய்க் குதங்கள் பத்தியும் ஒரு விஷயம் இருந்துச்சு. மொத்தம் 99 டேங்க். அதுக்கு 2022 ஜனவரியில ஒழுங்கா உக்காந்து பேசி, எது யாருக்கு, எத்தனை பங்குன்னு அக்ரிமென்ட் போட்டு முடிச்சாச்சு. டேங்குக்குக் காட்டின விடாமுயற்சிய ஜனங்களோட அதிகாரத்துக்கும் காட்டியிருக்கலாமேன்னு கேட்டா அது தேச விரோதமா? பேச்சுவார்த்தையில விடாம அழுத்தம் குடுக்க இந்தியாவுக்குத் தெரியும், முடியும். எதுக்குக் குடுக்கறதுன்னு தேர்ந்தெடுக்கறாங்க, என் கோபம் அங்கதான்.

ஐநா ஓட்டு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். 2009 மே மாசம் புலிகளோட போர் முடிஞ்ச உடனே ஜெனீவால ஐநா மனித உரிமைக் கவுன்சில்ல இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவா ஓட்டு போட்டுச்சு. 2012லயும் 2013லயும் இலங்கைக்கு எதிரா போட்டுச்சு. அந்த 2013 மார்ச்லதான் இங்க லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உக்காந்து தமிழ்நாடு முழுக்க காலேஜ் காலேஜா பரவுச்சு, திமுக மத்திய ஆட்சிய விட்டு வெளிய வந்துச்சு. 2014ல ஓட்டு போடல, 2021ல போடல, 2022லயும் போடல. காணாமப் போன பிள்ளைங்க போட்டோவை வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா ரோட்டோரத்துல உக்காந்திருக்கற வடக்குத் தாய்மாருங்களுக்கு இதுக்கு என்ன அர்த்தம் சொல்லுவோம்?

"சீனா உள்ள வந்துடும், அதனால கொழும்பைப் பகைச்சுக்க முடியாது"ன்னு ஒரு பதில் எப்பவும் வரும், கமெண்ட்ல இதுக்கும் வரும்னு தெரியும். நியாயமான கவலைதான். ஆனா அம்பாந்தோட்டை துறைமுகம் 2017ல சீனக் கம்பெனிக்கு 99 வருஷ குத்தகைக்குப் போச்சு, 2022 ஆகஸ்ட்ல இந்தியா எதிர்ப்பு தெரிவிச்சும் யுவான் வாங் 5ங்கற சீன ஆய்வுக் கப்பல் அங்க வந்து நின்னுச்சு. ஜெனீவால நாம கையக் கட்டிக்கிட்டு இருந்ததுக்கு என்ன கிடைச்சுதுன்னு எனக்குப் புரியல.

இப்ப இங்க இருக்கறவங்களுக்கு வரேன். தமிழ்நாடு முழுக்க இலங்கை அகதிகளுக்கு நூத்துக்கும் மேல முகாம் இருக்கு, சென்னைக்குப் பக்கத்துலயே புழல்லயும் கும்மிடிப்பூண்டியிலயும் இருக்கு. என்னோட வேலை பாத்த ஒருத்தர் முகாம்ல பிறந்து வளந்தவர், கோடிங்ல எங்க டீம்லயே கெட்டிக்காரர். கம்பெனி வெளிநாட்டு ப்ராஜெக்டுக்கு ஆள் எடுக்கும்போது அவர் பேரைக் குடுத்தோம், பாஸ்போர்ட் இல்லாததால அப்படியே நின்னு போச்சு. அவர் பிறந்தது தமிழ்நாட்டுல, படிச்சது தமிழ்நாட்டுல, இலங்கைய அவர் பாத்ததே இல்ல. சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்திருந்தா குடிமகன், அதுக்கு அப்புறம்னா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், 2004 டிசம்பருக்கு அப்புறம் இன்னும் இறுக்கிட்டாங்க. 1986ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பொண்ணு அந்தத் தேதிய வெச்சு ஐகோர்ட் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024ல ஓட்டும் போட்டாங்க. ரெண்டு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தா அதுவும் இல்ல.

இதுல இன்னொரு கொடுமை, முகாம்ல இருக்கறவங்கள்ல பல ஆயிரம் பேர் மலையகத் தமிழர்கள். அதாவது 1964 கணக்குப்படி இந்தியா எடுத்துக்கறேன்னு ஒத்துக்கிட்ட அதே ஜனங்களோட பிள்ளைங்க. 1984ல கப்பல் நின்னு போச்சு, முறைப்படி வர வழியில்லாம கலவரத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு படகுல வந்தாங்க, அதனால அவங்க சட்டவிரோதக் குடியேறிகள் ஆகிட்டாங்க. 1991ல ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதுக்கு அப்புறம் ஊரோட கோபம் முழுக்க இந்தக் குடும்பங்க மேலதான் திரும்புச்சு, போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் கண்காணிப்பு, வெளிய போனா பெர்மிஷன், வருகைப் பதிவுன்னு.

2019 டிசம்பர்ல குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தப்ப பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்டுல இருந்து வந்த ஆறு மதத்துக்காரங்களுக்கு குடியுரிமைன்னாங்க. இலங்கை இல்ல. முகாம்ல இருக்கறவங்க பெரும்பாலும் இந்துக்களும் கிறிஸ்தவங்களும், ரெண்டுமே அந்த ஆறுல இருக்கு, ஆனாலும் இல்ல. முஸ்லிம்களை விட்டது எவ்வளவு தப்போ அதே அளவுக்கு இதுவும் தப்பு, ரெண்டையும் சேர்த்துதான் சொல்றேன். அதுக்கு ராஜ்யசபாவுல அதிமுகவும் ஆதரவா ஓட்டு போட்டதை நம்ம ஆளுங்க மறக்கக் கூடாது. திபெத்தியர்களுக்கு கர்நாடகாவுல பைலக்குப்பேல நிலம் குடுத்து குடியேற வெச்ச நாடு இது, 1971ல வங்கதேசத்துல இருந்து வந்த ஒரு கோடி பேரைத் தாங்குன நாடு. 1951 அகதிகள் உடன்படிக்கையில இன்னும் கையெழுத்து போடாததால யாரை எப்படி நடத்தணும்ங்கறது அந்தந்த அரசாங்கத்தோட மனசைப் பொறுத்ததா இருக்கு. 2015ல சசி தரூர் புகலிடத்துக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தாரு, அது எங்கயும் போகல.

நல்லதையும் சொல்லணும். 2022ல இலங்கை பொருளாதாரம் விழுந்தப்ப இந்தியா கிட்டத்தட்ட 400 கோடி டாலர் அளவுக்கு கைகொடுத்துச்சு, வேற எந்த நாடும் அந்த வேகத்துல வரல. தமிழ்நாடும் அரிசி, பால் பவுடர், மருந்து அனுப்புச்சு, மே மாசம் முதல் கப்பல் நம்ம துறைமுகத்துல இருந்துதான் கிளம்புச்சு. தமிழர்களுக்கு மட்டும் அனுப்பாதீங்க, எல்லாருக்கும் அனுப்புங்கன்னு அங்க இருக்கற தமிழ்த் தலைவர்களே சொன்னாங்க, அப்படியே போச்சு. சென்னையில வாழறவனா அன்னைக்கு எனக்கு உண்மையாவே பெருமையா இருந்துச்சு.

டெல்லிய மட்டும் திட்டிட்டு நாம தப்பிக்கவும் முடியாது. நம்ம மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடிக்குது, அடிக்குது, சுட்டும் இருக்கு, அதுல எந்த நியாயமும் கிடையாது. ஆனா ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கத்துல இருந்து போற விசைப்படகு இழுவை மடி போட்டு வாரிட்டு வர்றது யாரோட கடல்? யாழ்ப்பாணம், மன்னார் தமிழ் மீனவனோடது. போர்ல எல்லாத்தையும் இழந்துட்டு சின்னப் படகும் வலையுமா திரும்பக் கடலுக்குப் போனவங்க, அவங்க வலை அறுந்து போகுது, குஞ்சு மீன்கூட மிஞ்சறதில்ல. ஈழத்துக்காக இங்க உருகறவங்கள்ல எத்தனை பேர் அவங்க வலையப் பத்திப் பேசறாங்க? ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறறதுக்கு 2017ல 1,600 கோடி ரூபாய் திட்டம், 2,000 படகை மாத்தறோம்னு சொன்னாங்க, மாறினது ரொம்பக் கொஞ்சம். நம்ம ஓட்டு போகும்னு எந்தக் கட்சியும் இதை வெளிப்படையா சொல்லாது.

2014 ஜனவரியில ரெண்டு பக்க மீனவப் பிரதிநிதிகளும் சென்னையில நேர்ல உக்காந்து பேசினாங்க. சம்பந்தப்பட்டவங்களையே மேசைக்குக் கூப்பிட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. மே மாசம் கொழும்புல அடுத்த சுற்றும் நடந்துச்சு, ஆனா பிரச்சினை தீர்ற வரைக்கும் யாரும் அதை விடாம நடத்தல. அதை மறுபடி ஆரம்பிக்கணும், மாசத்துக்கு ஒரு தடவையானாலும் சரி. முகாம்ல பிறந்தவங்களுக்குக் குடியுரிமை குடுக்கணும், 1964 கணக்குல வர்ற மலையகக் குடும்பங்களுக்கு முதல்ல. அடுத்து கொழும்போட எந்த ஒப்பந்தம் போட்டாலும் அதுல பாதிக்கப்படப் போறவங்க ஒருத்தராவது அந்த ரூம்ல இருக்கணும்.